தோள் கொடுத்தவர்

1966ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி லண்டன் வெம்ப்ளி மைதானத்தில், தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்த ஜனசமுத்திரத்தின் முன்னே, மேற்கு ஜெர்மனியை 4-2 என்ற கணக்கில் வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றிய இங்கிலாந்துக் கால்பந்து அணியின் பதினொரு பேரில் ஒருவர், அந்த ஜயத்துக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, ஹடர்ஸ்பீல்டு என்ற கம்பளி ஆலை நகரத்தில் தம் மாமனார் நடத்திவந்த சவ அடக்கத் தொழிலில் போய்ச் சேர்ந்தார் என்று சொன்னால், கேட்பவர் முகம் உடனே ஒரு தினுசாக மாறிவிடுகிறது. “ஐயோ பாவம்” என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்து நிற்கிறது. அந்தச் சொல்லைச் சற்றுப் பொறுத்து வைத்துக்கொண்டு அம்மனிதருடைய சரித்திரத்தைக் கேட்கவேண்டும் என்பது என் விண்ணப்பம். நம்முடைய இரக்கம் பொய்யென்று சொல்ல நான் வரவில்லை. விலாசம் தவறிப் போய்ச் சேருகிறது என்பதுதான் என் வழக்கு.

அவர் பெயர் ரே வில்சன். 1934ஆம் ஆண்டு டிசம்பரில் டார்பிஷயர் பகுதியில் ஷயர்புரூக் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். ரமோன் நொவாரோ என்ற சினிமா நட்சத்திரத்தின் மேல் அக்காலத்துப் பெண்டிருக்கு இருந்த மோகத்தின் பயனாக, ‘ரமோன்’ என்று நாமகரணம் செய்யப்பட்டு, பிற்பாடு ‘ரே’ என்று சுருங்கிப்போனார். பள்ளிப் படிப்பு முடிந்தபின் ரயில்வேயில் தொழில் பழகுபவராக இருந்தார். இரவில் ரயில்வே வேலை, பகலில் கால்பந்துப் பயிற்சி என்று கொஞ்ச காலம் ஓடியது. நடுவில் கட்டாய ராணுவ சேவையும் வந்து போயிற்று. ஹடர்ஸ்பீல்டு டவுன் கழகத்தில் 1952இல் சேர்ந்தவர், பிற்காலத்தில் லிவர்பூல் கழகத்தை உயர்த்திக் காட்டிய பில் ஷாங்க்லி அங்கே நிர்வாகியாக இருந்த காலத்தில் பக்குவப்பட்டு, இடப்புறத் தற்காப்பு ஆட்டக்காரராக இங்கிலாந்து அணியிலும் இடம்பிடித்தார். 1964இல் எவர்ட்டன் கழகத்துக்கு மாறினார். இங்கிலாந்துக் கழகங்கள் மோதும் எஃப்.ஏ. கோப்பையும் உலகக் கோப்பையும் 1966ஆம் ஆண்டில் ஒரே கோடைக்குள் அவர் கைக்கு வந்தன. தேசத்துக்காக 63 ஆட்டங்கள் ஆடினார். ஒரு கோல்கூட அடித்ததில்லை. அடிப்பது அவர் வேலையுமல்ல.

அந்த இறுதி ஆட்டத்தில் அவருக்கு ஒரு சங்கடமும் நேர்ந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில், ஜெர்மானியர் உயரத் தூக்கி அனுப்பிய பந்தைத் தலையால் முட்டி வெளியேற்றப் பார்த்தார் வில்சன். பந்து வலுவில்லாமல் ஹெல்முட் ஹாலரின் காலடியில் போய் விழ, ஹாலர் அதைக் கோலாக்கிவிட்டார். அணியிலேயே வயதில் மூத்தவர், அப்படியொரு பிழையைச் செய்யாதவர் என்று பெயர் வாங்கியவர், எல்லா நாளையும் விட்டு அந்த நாளில் அதைச் செய்தார். அடுத்த ஆறு நிமிடங்களுக்குள் பாபி மூர் அனுப்பிய பந்தை ஜெஃப் ஹர்ஸ்ட் தலையால் முட்டிச் சமன் செய்ததனாலும், பிற்பாடு கூடுதல் நேரத்தில் அதே ஹர்ஸ்ட் மேலும் இரண்டு கோல் அடித்ததனாலும், வில்சனுடைய பிழை ஜனங்களின் நினைவிலிருந்து மறைந்துபோயிற்று.

ஆட்டம் முடிந்தபின் எடுத்த ஒரு புகைப்படம் ஜனங்களின் நினைவில் நிலைத்துவிட்டது. தலைவர் பாபி மூர் கோப்பையை உயர்த்திப் பிடித்திருக்க, அவரை ஒரு பக்கம் ஹர்ஸ்டும் மறுபக்கம் வில்சனும் தோள்மேல் தூக்கி நிற்கிறார்கள்; அருகே மார்ட்டின் பீட்டர்ஸ். மூரின் முகத்தில் வெற்றிக் களை. ஹர்ஸ்டின் முகத்தில் சிரிப்பு. வில்சனின் முகத்திலோ, ஒரு முழு மனிதனுடைய பாரம் தோளில் இறங்கும்போது எந்தச் சுமைகூலிக்கும் உண்டாகும் சுளிப்பு. கிழக்கு லண்டனில் பார்க்கிங் சாலை சந்திப்பில் 2003இல் திறக்கப்பட்ட வெண்கலச் சிலை இந்தப் படத்தைப் பார்த்தே வடித்தது. கீர்த்தியின் உச்சியில் எடுத்த படத்திலும் பாரம் சுமப்பவராகவே அமைந்துவிட்ட மனிதர் பின்னாளில் இருபத்தாறு ஆண்டுகள் பிறருடைய வீட்டுத் துக்கத்துக்குத் தோள் கொடுத்தது எனக்கு ஒரு சரிவாகத் தோன்றவில்லை.

அவர் ஏன் அப்படி ஒரு தொழிலுக்குப் போகவேண்டியிருந்தது என்று கேட்பவர்களுக்கு அக்காலத்துச் சம்பளக் கணக்கைச் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 1961ஆம் ஆண்டு ஜனவரி வரையில் எந்தத் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரருக்கும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டதிட்டம் இருந்தது. மைதானம் நிரம்பி வழிந்தாலும் சரி, நுழைவுச்சீட்டு விற்ற பணம் கழகத்தின் பெட்டியில் தளும்பினாலும் சரி, ஆடினவனுக்கு அவ்வளவுதான். ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக இருந்த ஜிம்மி ஹில் வேலைநிறுத்த எச்சரிக்கை விடுத்த பிறகே அந்த வரம்பு ஒழிந்தது. அது போதாதென்று, ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரனை வேறு கழகத்துக்குப் போகவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும் உரிமையும் கழகங்களுக்கு இருந்தது. நியூகாசில் கழகத்தில் இருந்த ஜார்ஜ் ஈஸ்ட்ஹம் என்பவர் அதை எதிர்த்து, ஆடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, சில மாதங்கள் தக்கை விற்கும் வியாபாரத்தில் கூலிக்கு இருந்து வயிறு கழுவி, பிறகு நீதிமன்றத்துக்குப் போனார். 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் அந்த ஏற்பாடு நியாயமற்ற தொழில் தடை என்று தீர்ப்புச் சொன்னார். இன்று கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் அந்தத் தக்கை வியாபாரிக்குக் கடன்பட்டவர்கள் என்பது என் அபிப்பிராயம். அந்த ஈஸ்ட்ஹமும் 1966ஆம் ஆண்டின் இருபத்திரண்டு பேர் கொண்ட அணியில் இருந்தார்; ஆனால் ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை. இறுதி ஆட்டத்தில் இறங்கிய பதினொருவருக்கு மட்டுமே அந்நாளில் பதக்கம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது 2009இல், அதற்குள் நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன.

உலகக் கோப்பையை வென்றதற்கு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் கொடுத்த வெகுமானம் 22,000 பவுண்டு. யார் எத்தனை ஆட்டம் ஆடினார்களோ அதற்கேற்பப் பங்கிடலாம் என்ற யோசனையை ஆட்டக்காரர்கள் தள்ளிவிட்டு, ஆளுக்கு ஆயிரம் பவுண்டாகச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆயிரம் பவுண்டு அந்நாளில் பெரிய தொகைதான். ஆனாலும் முப்பத்தைந்து பிராயத்தில் முழங்கால் தேய்ந்து வீட்டுக்கு வரும் ஒரு மனிதன், மீதமிருக்கும் நாற்பது ஐம்பது ஆண்டுகளை அதைக் கொண்டு ஓட்டமுடியாது. ஆகவே வில்சன், 1968இல் முழங்காலில் பட்ட காயத்துக்குப் பின் எவர்ட்டனை விட்டு, ஓல்டம், பிராட்போர்டு என்ற ஊர்களின் சிறிய கழகங்களில் கொஞ்ச காலம் ஆடியும் நிர்வாகத்தில் கைகொடுத்தும் பார்த்துவிட்டு, அந்த உலகமே வேண்டாமென்று விலகி, 1971இல் மாமனாரோடு சேர்ந்தார். 1997இல் ஓய்வு பெறும் வரையில் அதே தொழில்தான்.

நம் நாட்டில் இந்தத் தொழிலைச் செய்பவரை ஊருக்கு வெளியே நிறுத்திவைத்தே பழகியவர்கள் நாம். ஆகையால் இந்தச் செய்தியைக் கேட்டு நமக்கு உண்டாகும் திடுக்கிடலில் வில்சனைப் பற்றிய அனுதாபம் பாதி என்றால், நம்முடைய ஜாதி புத்தி மீதிப் பாதி என்பதை மறைத்துப் பயனில்லை. வடக்கு இங்கிலாந்தின் சிறு நகரங்களில் அது தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கோ மருமகன் கைக்கோ வந்து சேரும் கௌரவமான குடும்பத் தொழில். நடுநிசியில் தொலைபேசி மணி அடித்தால் எழுந்து போகவேண்டும். கறுப்பு உடையைக் கசங்காமல் அணிந்திருக்கவேண்டும். மாதாகோயில் வாயிற்படியில் ஏறும்போது பெட்டி ஒரு பக்கமாகச் சாயாதபடி நான்கு பேருடைய உயரமும் நடையும் ஒத்திருக்கிறதா என்று பார்த்து ஆள் நிறுத்தவேண்டும். அழுகிறவர்களோடு சேர்ந்து அழாமலும், கல்லுப்போல் நிற்காமலும், இரண்டுக்கும் நடுவில் ஒரு முகத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளவேண்டும். தற்காப்பு ஆட்டக்காரனுடைய வேலைக்கும் இதற்கும் அப்படியொன்றும் தூரமில்லை. கூட்டத்தின் கண் தன்மேல் படாமல், நிற்கவேண்டிய இடத்தில் நிற்பதுதான் இரண்டிலும் சாமர்த்தியம்.

நம் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் ஒரு வகைக் கட்டுரை உண்டு. அன்று தேசத்துக்காகப் பதக்கம் வாங்கியவர் இன்று தேநீர்க் கடை வைத்திருக்கிறார், அன்று மாநில அணியின் தலைவர் இன்று காய்கறி விற்கிறார் என்று தலைப்பிட்டு, கடை முன்னால் அவரை நிறுத்திப் படமும் போட்டுவிடுவார்கள். வறுமை இருந்தால் அதைச் சொல்லவேண்டியதுதான். சொன்னதனால் உதவி கிடைத்தவர்களும் உண்டு. ஆனால் அந்த எழுத்தில், தேநீர்க் கடை நடத்துவதே ஒரு தண்டனை என்ற பாவனை ஒளிந்திருக்கிறதே, அது அந்தக் கடைக்காரரையும் அவமதிக்கிறது, விளையாடாமலேயே வாழ்நாள் முழுதும் கடை நடத்தும் லட்சோபலட்சம் பேரையும் அவமதிக்கிறது. ரயில்வே, காவல் துறை, வங்கிகள் ஆகியவை விளையாட்டு வீரர்களுக்கு உத்தியோகம் கொடுத்து வைத்துக்கொள்ளும் நம் நாட்டு ஏற்பாட்டில் குறைகள் எத்தனையோ இருந்தாலும், மைதானத்துக்கு அப்புறமும் ஒருவனுக்கு ஜீவனம் உண்டு என்ற தெளிவாவது அதில் இருக்கிறது. இங்கிலாந்தில் அந்தத் தெளிவும் இல்லை. அவரவர் கைக்கு அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டார்கள்.

வில்சனோடு ஆடியவர்களைப் பாருங்கள். ராஜர் ஹன்ட் தம் குடும்பத்தாரின் லாரிப் போக்குவரத்துத் தொழிலுக்குப் போனார். இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த ஹர்ஸ்ட், செல்சி கழகத்தின் நிர்வாகி பதவியிலிருந்து 1981இல் நீக்கப்பட்டபின் காப்பீடு விற்கும் தொழிலில் இறங்கி, அதில் நன்றாகவே முன்னுக்கு வந்தார். மற்றொரு கோலை அடித்த பீட்டர்ஸும் அதே தொழிலுக்கு வந்து சேர்ந்தார். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கோல் அடித்த இங்கிலாந்துக்காரர் இருவருமே காப்பீட்டு வியாபாரிகள் ஆனது வேடிக்கையாக இல்லையா? பாபி சார்ல்டன் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் இயக்குநர்களில் ஒருவராகவும், அவர் தமையன் ஜாக் அயர்லாந்து அணியின் நிர்வாகியாகவும் ஆட்டத்தோடேயே வாழ்ந்தார்கள். இவர்களில் ஒருவருக்கும் நம் பரிதாபம் தேவையில்லை.

பாபி மூரின் கதைதான் மனத்தை உறுத்துகிறது. அழகும் நிதானமும் ஒருங்கே அமைந்த தலைவர். தாம் எதிர்த்து ஆடிய தற்காப்பு ஆட்டக்காரர்களில் தலைசிறந்தவர் என்று பீலேயே மெச்சிய மனிதர். அவர் தொட்ட வியாபாரம் எதுவும் துலங்கவில்லை. பெரிய கழகம் எதுவும் அவரை நிர்வாகியாக அழைக்கவில்லை. கால்பந்துச் சங்கமும் அவருடைய அனுபவத்தை எந்தப் பொறுப்பிலும் அமர்த்திப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. கௌரவம் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் விளையாட்டுப் பகுதியைப் பார்த்துக்கொண்டும், வானொலியில் வர்ணனை சொல்லிக்கொண்டும் காலம் தள்ளி, 1993ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஐம்பத்தொரு வயதில், குடல் புற்றுநோயினால் இறந்துபோனார். இறந்து பதினான்கு ஆண்டுகள் கழித்துப் புதிய வெம்ப்ளி மைதானத்தின் வாசலில் அவருக்கு ஆளுயரத்தைக் காட்டிலும் பெரிய சிலை வைத்தார்கள். சிலைக்கு வேலை கொடுக்கவேண்டியதில்லை, சம்பளமும் கொடுக்கவேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, சங்கங்களுக்குச் சிலை வைப்பது எப்போதும் சுலபமாக இருக்கிறது. அந்தப் பதினொருவரில் ஹன்ட், ஸ்டைல்ஸ், கோஹன், ஆலன் பால், வில்சன் என்ற ஐவருக்கு அரசாங்க விருது கிடைத்ததும் 2000ஆவது ஆண்டில், வென்று முப்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின்தான். பல்செட்டைக் கழற்றிவிட்டு மைதானத்தில் கூத்தாடிய நாபி ஸ்டைல்ஸ், தம் பிள்ளைகளுக்கு எதையாவது விட்டுப்போகவேண்டும் என்று 2010இல் தம் பதக்கங்களை ஏலத்துக்கு விட்டார். உலகக் கோப்பைப் பதக்கத்தை அவருடைய பழைய கழகமான மான்செஸ்டர் யுனைடெட்டே ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து எடுத்துக்கொண்டது.

இதுவரையில் சொன்னதெல்லாம் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் கலந்த மனித வாழ்க்கை. எந்தத் தொழிலிலும் இப்படி நடக்கும். இனிச் சொல்லப்போவது அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

2004ஆம் ஆண்டு, தொழிலிலிருந்து ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகள் ஆன நிலையில், வில்சனுக்கு அல்ஸைமர் என்னும் மறதி நோய் கண்டிருப்பதாக வைத்தியர்கள் சொன்னார்கள். பதினான்கு ஆண்டுகள் அந்நோயோடு வாழ்ந்து, 2018ஆம் ஆண்டு மே மாதம், எண்பத்து மூன்றாம் வயதில் காலமானார். அடுத்த ஆண்டு டிசம்பரில் மார்ட்டின் பீட்டர்ஸ் போனார், அவருக்கும் அல்ஸைமர். 2020ஆம் ஆண்டு ஜூலையில் ஜாக் சார்ல்டன், அக்டோபரில் ஸ்டைல்ஸ். இருவருக்கும் மூளை நலிவு. ஸ்டைல்ஸ் இறந்த அதே வாரத்தில் பாபி சார்ல்டனுக்கும் அந்நோய் என்ற செய்தி வெளியாயிற்று. 2023இல் அவரும் மறைந்தார். வெம்ப்ளியில் இறங்கிய பதினொரு பேரில் ஐந்து பேர்! வயோதிகத்தில் மறதி வருவது சகஜம் என்று சொல்லித் தள்ளிவிடலாமா? தள்ளிவிட்டார்கள், வெகுகாலம்.

வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் கழகத்தில் ஜெஃப் ஆஸ்ல் என்றொருவர் இருந்தார். தலையால் முட்டிக் கோல் அடிப்பதில் அவருக்கு நிகரில்லை என்று பிரசித்தி பெற்றவர். 1968ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பையின் ஒவ்வொரு சுற்றிலும் கோல் அடித்து, இறுதி ஆட்டத்தின் ஒரே கோலையும் அடித்தவர். ஆட்டம் ஓய்ந்தபின் ஜன்னல் துடைக்கும் தொழில் நடத்தினார். மூலைகளைத் தவறவிடமாட்டார் என்று தம்முடைய பழைய தொழிலையும் புதிய தொழிலையும் சேர்த்துக் கேலி செய்யும் வாசகம் ஒன்றை வண்டியிலேயே எழுதிவைத்திருந்தார். 1970 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராகக் காலுக்கு முன்னால் கிடந்த பந்தை வெளியே அடித்துவிட்டு ஊராரின் பரிகாசத்துக்கு ஆளானவர், அந்தப் பரிகாசத்தையே விளம்பரமாக மாற்றிக்கொண்ட சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது! அந்த மனிதர் ஐம்பது சொச்சம் வயதிலேயே தம் பிள்ளைகளையும் அடையாளம் தெரியாமல் தடுமாறத் தொடங்கி, 2002ஆம் ஆண்டு ஜனவரியில், ஐம்பத்தொன்பதாம் வயதில், தம் மகளின் வீட்டில் இறந்தார். அந்த ஆண்டு நவம்பரில் மரண விசாரணை அதிகாரி, பந்தைப் பலகாலம் தலையால் முட்டியதனால் உண்டான மூளைக் காயத்தைக் காரணமாகக் கண்டு, ‘தொழிலால் வந்த நோயினால் மரணம்’ என்று தீர்ப்பு எழுதினார்.

அந்தத் தீர்ப்பைக் கவனித்துப் பார்க்கவேண்டும். ஷயர்புரூக்கைப் போலவே ஆஸ்ல் பிறந்த ஈஸ்ட்வுட்டும் நிலக்கரிச் சுரங்க ஊர். சார்ல்டன் சகோதரர்களின் ஆஷிங்டனும் அப்படியே. அவர்களுடைய தகப்பனார் சுரங்கத் தொழிலாளி. ஜாக் தாமே கொஞ்ச நாள் சுரங்கத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு, இந்தப் பிழைப்பே வேண்டாம் என்று ஓடிவந்தவர். அந்த ஊர்களில் ஒரு பையனுக்குக் காலில் பந்து படிந்தது என்றால், கரித்தூள் படியாத நுரையீரலோடு அவன் வாழலாம் என்று தாய்மார்கள் மகிழ்ந்தார்கள். கரித்தூளினால் நுரையீரல் கெட்ட தொழிலாளிக்கு நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்ற திட்டம் பிரிட்டனில் 1943லேயே வந்துவிட்டது. அது போதாமல் நெடுங்காலம் போராடி, வழக்காடி, மேலும் வாங்கினார்கள். சுரங்கத்தில் இறங்கிய அண்ணனுக்குச் சட்டம் ஒரு குடை பிடித்தது. சுரங்கத்துக்குத் தப்பி மைதானத்துக்குப் போன தம்பி அந்தக் குடைக்கு வெளியே நின்றுவிட்டான். அவன் செய்ததும் உழைப்பு, அவனுக்கு வந்ததும் தொழில் நோய் என்று ஓர் அதிகாரி எழுத்து மூலமாகச் சொன்ன பிறகும், கால்பந்து உலகம் அசைந்து கொடுக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

ஆஸ்லின் மூளையை 2014இல் மறுபடி பரிசோதித்த கிளாஸ்கோ நகரத்து நரம்பியல் நோய்க்கூறு நிபுணர் வில்லி ஸ்டூவர்ட், அது வெறும் முதுமை மறதியல்ல, தலையில் ஓயாமல் அடிபடும் குத்துச்சண்டைக்காரர்களிடம் முன்பு கண்டறியப்பட்ட மூளைச் சிதைவு நோய் என்று சொன்னார். பிறகு கால்பந்துச் சங்கமும் ஆட்டக்காரர் சங்கமும் பணம் கொடுக்க, அவரே தலைமை தாங்கி நடத்திய ஆராய்ச்சி 2019இல் வெளிவந்தது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர் 7,676 பேரை, அதே வயதும் வாழ்க்கை நிலையும் உள்ள சாதாரண ஜனங்கள் சுமார் 23,000 பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூளை நலிவு நோய்களால் ஆட்டக்காரர்கள் இறப்பது மற்றவர்களைப்போல் மூன்றரை மடங்கு. இதை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. இருதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் அவர்கள் இறப்பது குறைவு, எழுபது வயது வரையில் பொதுவாகவே அவர்களுடைய ஆரோக்கியம் மற்றவர்களைவிட மேல் என்பதையும் அதே ஆராய்ச்சி சொல்கிறது. விளையாட்டு சரீரத்தைக் காத்துக் கொடுத்துவிட்டு, அந்தச் சரீரத்துக்குள் குடியிருந்தவரை அப்புறப்படுத்திவிடுகிறது.

2021இல் வந்த அடுத்த ஆராய்ச்சி இன்னும் நுணுக்கமானது. ஆடிய இடத்தைப் பொறுத்து அபாயம் மாறுகிறதாம். பந்தைத் தலையால் முட்ட அவசியமில்லாத கோல் காப்பாளருக்குச் சாதாரண ஜனங்களைக் காட்டிலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. உயரத்தில் வரும் பந்தையெல்லாம் முட்டித் தள்ளவேண்டிய தற்காப்பு ஆட்டக்காரருக்கோ ஏறக்குறைய ஐந்து மடங்கு. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆடியவருக்கும் ஐந்து மடங்கு. வில்சன் தற்காப்பு ஆட்டக்காரர். அவர் ஹடர்ஸ்பீல்டில் கையெழுத்திட்டது 1952, பிராட்போர்டில் விலகியது 1971. ஒரு தனி மனிதனுக்கு வந்த நோய் இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல எந்த வைத்தியராலும் முடியாது என்பது உண்மையே. அதே உண்மையைச் சொல்லித்தான் ஒரு காலத்தில் சுரங்க முதலாளிகளும் கையை விரித்தார்கள்.

அக்காலத்துத் தோல் பந்து மழையில் நனைந்து கனத்துவிடும், இக்காலத்துப் பந்து நனையாது, ஆகவே இது பழைய தலைமுறையின் வியாதி என்று ஒரு சமாதானம் சொல்கிறார்கள். உலர்ந்த நிலையில் பந்தின் எடை அன்றும் இன்றும் ஏறக்குறைய 410 முதல் 450 கிராம்தான்; அன்றைய ஈரப் பந்து மெதுவாக வந்தது, இன்றைய பந்து வெகு வேகமாக வருகிறது. ஆட்டத்தைக் காட்டிலும் பயிற்சியில்தான் முட்டல் அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது. வெஸ்ட் ஹாம் கழகத்தின் பயிற்சிக் கூடத்தில் கூரையிலிருந்து ஒரு பந்தைத் தொங்கவிட்டு, அதை மறுபடி மறுபடி தலையால் முட்டிப் பழகியதை ஹர்ஸ்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்படிப் பழகிய பழக்கத்தில்தான் வெம்ப்ளியின் முதல் கோல் அவருக்குக் கிடைத்தது. தேசம் முழுவதும் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

இப்போது சில நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. சிறு குழந்தைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டக் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று 2020இல் இங்கிலாந்தில் வழிகாட்டுதல் வந்தது. பெரியவர்களுக்கு, பயிற்சியில் வேகமான முட்டல் வாரத்துக்குப் பத்துக்கு மேல் கூடாது என்று 2021இல் வழிகாட்டினார்கள். அந்தப் பத்தை யார் உட்கார்ந்து எண்ணுகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு இது மேல். ஆனால் இவையெல்லாம் இனி வரப்போகிறவர்களுக்கு. ஏற்கெனவே ஆடி முடித்து, இன்று மனைவியின் பெயரைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு என்ன? ஆட்டக்காரர் சங்கமும், அந்நாட்டின் முதல்தரக் கழகங்களின் அமைப்பான பிரீமியர் லீகும் சேர்ந்து 2023இல் ஒரு நிதி ஏற்படுத்தின. தொடக்கத் தொகை பத்து லட்சம் பவுண்டு. மூளை நலிந்த ஒருவரைப் பராமரிப்பு இல்லத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவை அறிந்தவர்களுக்கு இந்தத் தொகை எத்தனை குடும்பத்துக்கு எத்தனை மாதம் காணும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

தெரிந்தேதானே ஆடினார்கள், கட்டாயப்படுத்தியது யார் என்று கேட்பவர்கள் உண்டு. தெரிந்து ஆடவில்லை, அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இன்று ஆடுகிறவனுக்காவது தெரியும், அவனுக்கு அதற்கேற்ற சம்பளமும் உண்டு, வைத்தியரும் உண்டு. வாரத்துக்கு 20 பவுண்டு வரம்புக்குள் ஆடியவனுக்கு மூன்றும் இல்லை. அவன் கேட்பது தர்மமல்ல. செய்த வேலைக்கு அன்று கொடுக்காமல் நிறுத்திவைத்த கூலியின் பாக்கியைத்தான் கேட்கிறான். ஆட்டத்தை நடத்தும் அமைப்புகள் தங்களைக் கவனிக்கத் தவறிவிட்டன என்று முன்னாள் ஆட்டக்காரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருப்பதும் அந்தப் பாக்கிக்காகத்தான்.

வெம்ப்ளியின் பதினொருவரில் இன்று எஞ்சியிருப்பவர் ஹர்ஸ்ட் ஒருவரே. தம் மரணத்துக்குப் பின் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடுவதாக அவர் அறிவித்திருக்கிறார். குழந்தைகள் தலையால் முட்டக் கூடாதென்றும் சொல்லிவருகிறார். காப்பீட்டுத் தொழிலில் தலை நரைத்தவருக்கு, தவணை கட்டி முடித்தவனுக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பது மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

செய்யவேண்டியது மர்மமான காரியமல்ல. முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரருக்கு வரும் மூளை நலிவைத் தொழில் நோய்களின் பட்டியலில் பிரிட்டிஷ் அரசாங்கம் சேர்க்கவேண்டும். அதற்காகும் செலவில் பெரும்பங்கை ஆட்டத்தின் லாபத்தை அனுபவிப்பவர்களிடமிருந்து வாங்கவேண்டும். பிரீமியர் லீக்குக்கு 2025 முதல் நான்கு பருவங்களுக்குப் பிரிட்டனுக்குள் தொலைக்காட்சி உரிமம் விற்ற வகையில் மட்டும் 670 கோடி பவுண்டு கிடைத்திருக்கிறது. அதில் நூற்றுக்கு ஒன்று எடுத்துவைத்தால் ஆண்டுக்கு ஒரு கோடியே 67 லட்சம் பவுண்டு வரும். இப்போது ஒதுக்கியிருக்கும் நிதியைப்போல் பதினாறு மடங்குக்கு மேல், அதுவும் ஒவ்வோர் ஆண்டும்.